பதினாறு பக்கங்களை நிரப்ப ஒரு கதை

1.

இந்தக் கதை யாரும் படிப்பதற்காக எழுதப்பட்டது அல்ல. அடக்கத்தால் சொல்லவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலையே அதுதான்.

என் அக்கா புத்தகங்களை வடிவமைக்கிறவள். [திருத்தம்: வடிவமைக்க ஆசைப்படுகிறவள். இப்போதைக்கு ஒரு மருந்துக் கம்பெனியில், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை வடிவமைக்கிறாள். வெங்காயத் தோல் மாதிரி தாளில், எறும்பு மாதிரி எழுத்தில், ‘மயக்கம் வரலாம்’ என்று இருக்குமே, அது.] அந்தத் தாளை ஒருமுறை பிரித்தவர் யாரும் பழையபடி மடித்ததாகச் செய்தி இல்லை. அக்கா மடிப்பாள். பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே மடிப்பாள். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், காய்ச்சல்காரரைவிட மாத்திரைப் பெட்டி நல்ல நிலையில் இருக்கும்.

ஒரு பதிப்பாளர் அம்மா, மறுசுழற்சித் தாளில் சிறுகதைகளைச் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போடப்போகிறார் என்று கேள்விப்பட்டு, அக்கா போய்ப் பார்த்தாள். ஒரு மாதிரிப் புத்தகம் செய்து கொண்டுவரச் சொன்னார். பிடித்தால் அந்த வரிசை முழுவதும் அக்காவுக்கு. மருந்துக் கம்பெனிக்கு ராஜினாமா. பிடிக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை ‘மயக்கம் வரலாம்.’

மாதிரிப் புத்தகத்துக்குள் ஏதாவது எழுத்து இருக்க வேண்டுமே. அக்கா என் அறைக்கு வந்தாள். நான் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நக்கல் எழுதுகிறவன். முதல்வர் அறைக்குப் போகும் வழி எனக்கு விளக்கில்லாமல் தெரியும்.

“பதினாறு பக்கத்துக்கு ஏதாவது எழுதித் தாடா.”

“எதைப் பத்தி?”

“எதைப் பத்தினாலும் சரி. யாரும் படிக்கப்போறதில்ல. தாளத்தான் பாப்பாங்க.”

எழுதுகிறவனுக்கு இதைவிடச் சுதந்திரமான அழைப்பு வராது. அரை நாள் கோபமாக இருந்தேன்.

2.

தொடக்கம் ஒன்று: ‘மழை வலுத்தது. காகிதக் கிடங்கின் தகரக் கூரைமேல்…’

(காகிதக் கிடங்கில் மழையை விட்டால் கதை முதல் பக்கத்திலேயே ஊறிப்போகும். நிறுத்தினேன்.)

தொடக்கம் இரண்டு: ‘தாள் என்பது மனிதகுலத்தின்…’

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரிந்தவர்கள் மேடைகளில் இருக்கிறார்கள்.)

தொடக்கம் மூன்று: ‘அவள் தாளைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினாள்.’

இது நடந்தது. அக்காவோடு சிறப்புத் தாள்கள் விற்கும் கடைக்குப் போயிருந்தேன். வெள்ளைக்கு மட்டும் தனி அலமாரி. பால் வெள்ளை, தந்த வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை. பிறகு ‘இயல்பு வெள்ளை’ என்று ஒன்று. மற்றதெல்லாம் நடிக்கிறது போலும். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கண்ணை மூடிக்கொண்டு தாளைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நக்கல் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு காட்சி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். என் கை பரபரத்தது.

அப்போது அக்கா ஒரு தாளின் மூலையைப் பிடித்து என் காதருகே ஆட்டினாள். தகரம் அதிர்வதுபோல் சத்தம். இன்னொன்றை ஆட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ ‘ம்’ கொட்டியதுபோல் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதானே,” என்றேன், பிடிவாதத்துக்கு.

“அம்மா உன்னக் கூப்பிடறதும், காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறதும் ஒண்ணா?”

“ரெண்டுக்கும் நான் பதில் சொல்றதில்ல.”

அந்த ‘ம்’ தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள். கழிவுத் தாளோடு, யாரோ போட்டுத் தேய்த்துத் தூக்கியெறிந்த ஜீன்ஸ் துணியையும் அரைத்து மில்லில் செய்தது. சாம்பல் கலந்த வெண்மை. உள்ளே நீல நூல்கள், எல்லாம் ஒரே திசையில் நீட்டிப் படுத்திருந்தன. என் கையின் பரபரப்பு நின்றுவிட்டதைக் கவனித்தேன்.

[இது கதைக்கு நல்லதல்ல. வீட்டுக்கு வந்து கையைத் திரும்பப் பரபரக்கவைத்து, கண்ணை மூடித் தாள் தடவும் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதி முடித்தேன். அது முதல் வடிவம். நீங்கள் படிப்பது அது அல்ல. அது எங்கே போயிற்று என்பதுதான் இந்தக் கதை.]

3.

பதிப்பாளரை நான் பார்த்ததில்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். மாதிரிப் புத்தகத்தில் அவர் ஒரு வரிகூடப் படிக்க மாட்டாராம். நடுப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைப்பார். பெருவிரலால் மடிப்பை ஒருமுறை அழுத்துவார். கையை எடுப்பார். புத்தகம் திறந்தே கிடந்தால் மேற்கொண்டு பேசுவார். தானாக மூடிக்கொண்டால், “டீ சாப்பிடறீங்களா?” என்பார். டீ வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

கதையில் அவருக்குப் பெருவிரல் என்று பெயர் வைத்திருக்கிறேன்.*

* அக்கா மாற்றச் சொன்னாள். மாற்றினால் வரி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும் என்றேன். வடிவமைக்கிறவளிடம் செல்லுபடியாகும் ஒரே வாதம் இதுதான்.

அடுத்த சிக்கல் அக்காவே. பொறுமைசாலி, கெட்டிக்காரி, தாளின் குரல் கேட்கிறவள். இப்படி ஒரு பாத்திரத்தை எந்த வாசகர் நம்புவார்? ஒரு குறை வேண்டும். முதல் வடிவத்தில் முன்கோபத்தைச் சேர்த்தேன். ‘அவள் சாப்பாட்டுத் தட்டை விசிறியெறிந்தாள்.’

பக்கம் அமைக்கும்போது அக்கா அதைப் படித்துவிட்டாள். “நான் எப்படா தட்ட எறிஞ்சேன்?”

“கதையில.”

“எறியறதுதான் எறியற, அந்த நெளிஞ்ச தட்ட எறி. நல்ல தட்டு நாலுதான் இருக்கு.”

இவளை வைத்துக்கொண்டு எப்படி நக்கல் எழுதுவது? தட்டை நீக்கிவிட்டேன். குறையைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

4.

அச்சகக்காரர் அண்ணனைத் தெருவே தும்மல் என்றுதான் கூப்பிடும். தாள் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அதையே ஒரு கருவியாக மாற்றிவைத்திருக்கிறார். “ஒரு தும்மல்னா உசத்தித் தாள். மூணு வந்தா என் மெஷின்ல ஏத்த மாட்டேன்.” ஜீன்ஸ் தாளுக்கு இரண்டு வந்தது.

அக்கா தாளை அவருடைய மேசையில் விரித்து, எப்படி வெட்ட வேண்டும் என்று காட்டினாள். தும்மல் மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“ஏம்மா, நூலு ஓடுற பக்கமாத்தானே மடிக்கணும். நீ குறுக்க மடிக்கற.”

(இங்கே கதையை நிறுத்துகிறேன். ஒரு செய்தித்தாளை எடுத்துக் கிழித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கோடு போட்டதுபோல் நேராக வரும். இன்னொரு பக்கம் கோணல்மாணலாக, அடம்பிடித்துக்கொண்டு வரும். மில் தாளில் நார்கள் மெஷின் ஓடும் திசையில் படுத்துவிடுவதால் இப்படி. மடிப்பும் அதேபோல்தான். நார் ஓடும் பக்கம் மடித்தால் தாள் இணங்கும். குறுக்கே மடித்தால் நிமிரப் பார்க்கும்.)

“தெரியும்ணே,” என்றாள் அக்கா. “ஆனா நூல் படுக்கையா வந்தா, ஒவ்வொரு வரிக்கும் கீழ கோடு போட்ட மாதிரி இருக்கும். பாருங்களேன்.”

பார்த்தார். அது நடந்திருக்கக் கூடாது. பார்த்தவர், “சே, அழகாத்தாம்மா இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தானே வெட்டும் மெஷினின் பிடியை இறக்கினார். தாளை அறிந்த இரண்டு பேர், விளைவையும் அறிந்த இரண்டு பேர், நாலைந்து நீல நூலைப் பார்த்து மயங்கி நின்றார்கள். தாள் தெரியாத ஒருவன் பக்கத்தில் நின்றான். அவன் சொன்னது: “சூப்பர்க்கா.”

அச்சாகி, மடித்து, தைத்து வந்தது. உண்மையிலேயே அழகு. வரிகளுக்குக் கீழே நீலம் மெல்ல ஓடியது. என் மட்டமான ஜோக்குக்குக்கூட யாரோ மரியாதையாக அடிக்கோடிட்டதுபோல் இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல் நடுப் பக்கத்தைத் திறந்து வைத்தாள். பெருவிரலால் அழுத்தினாள். கையை எடுத்தாள்.

பக்கங்கள் மெதுவாக எழுந்தன. கொட்டாவி விட்டவர் வாயை மூடுவதுபோல் புத்தகம் மூடிக்கொண்டது.

இன்னொரு பிரதி. மூடிக்கொண்டது. இஸ்திரிப் பெட்டியை மேலே தூக்கி வைத்துப் பார்த்தோம். எடுத்ததும் மூடிக்கொண்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, எங்கள் முகத்தைப் பார்த்து, “டீ போடட்டுமா?” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், “வேணாம்,” என்றோம். தன் டீயில் அப்படி என்ன குறை என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மில்லில் அந்தத் தாள் அதோடு தீர்ந்துவிட்டது. எனக்கு நான் தேடிய குறை கிடைத்தது: என் அக்கா, அழகுக்காகத் தெரிந்தே குறுக்கே போகிறவள். இதைக் கற்பனையில் நான் பிடித்திருக்க மாட்டேன். சிக்கல் என்னவென்றால், இந்தக் குறையும் எனக்குப் பிடித்துப்போயிற்று.

5.

அக்கா ஒரு பிரதியை எடுத்து, தையலைப் பிரித்து, நிதானமாகக் கிழிக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, அது என் கதை.”

“உன் கதை கம்ப்யூட்டர்ல இருக்கு. எனக்குத்தான் தாள் இல்ல. அந்த வாளியில தண்ணி கொண்டா.”

எல்லாப் பிரதிகளும் வாளிக்குள் போயின. ஊறியதும் அம்மாவின் மிக்ஸி வந்தது.

“இனிமே இதுல எதை அரைச்சாலும் இவன் கதை வாசம் அடிக்கும்,” என்றாள் அம்மா. ஆனாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டது அவள்தான்.

அக்கா விட்டு விட்டு அரைத்தாள். கூழ் ஆகிவிடாமல், எழுத்து அங்கங்கே தெரியும் பதத்தில் நிறுத்தினாள். பழைய ஃபோட்டோ சட்டத்தில் ஜன்னல் வலையை இழுத்து அடித்து, அதைக் கூழுக்குள் முக்கித் தூக்கினாள். முன்னும் பின்னும் ஆட்டினாள். பிறகு இடமும் வலமும்.

“எதுக்கு ரெண்டு பக்கமும்?”

“மில்லுல மெஷின் ஒரே பக்கமா இழுக்குது. இது நம்ம கை. எல்லாப் பக்கமும் ஆட்டினா, எந்தப் பக்கமும் அடம்பிடிக்காது.” கொஞ்சம் யோசித்து, “பிடிக்கக் கூடாது,” என்றாள்.

சரியாக வராத தாளை வலையோடு கவிழ்த்துத் திரும்ப வாளியில் போட்டாள். கோபமில்லை, பெருமூச்சில்லை. அது மறுபடியும் கூழானது; மறுபடியும் முக்கினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கெட்ட வாக்கியத்தை நான் எந்த வாளியில் போடுவது?

[போட்ட இடம் இந்தக் கதைதான் என்று இப்போது தெரிகிறது.]

கொடியில் தொங்கவிட்ட தாள்களை நெருங்கிப் பார்த்தேன். நீல நூல்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன. இடையிடையே என் முதல் வடிவத்தின் துணுக்குகள். ஒரு ‘தடவிக்’. ஒரு பாதி ‘தட்டு’. மற்றதெல்லாம் ‘ஆனால்’. நான் அந்தச் சொல்லை இவ்வளவு செலவழித்திருக்கிறேன் என்று தாள் சொல்லித்தான் தெரிந்தது. பெருவிரலைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியும் எங்கோ மிதக்கிறது. எந்தத் தாளில் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

“இந்தத் தாள் தடிமன்,” என்றாள் அக்கா. “எழுத்து பெருசா வேணும். உன் கதையப் பாதியாக் குறைக்கணும்.”

“எந்தப் பாதிய எடுக்கறது?”

“எழுதும்போது நீயே சிரிச்ச பாதிய.”

அது முக்கால்வாசி. அதனால்தான் புதிதாக எழுதுகிறேன்.

6.

முதலில் காய்ந்த தாளைத் தும்மல் அண்ணனிடம் கொண்டுபோனோம். எத்தனை தும்மல் என்று எண்ண முடியவில்லை. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வந்தது. மெஷினில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, உள்ளே போய், கையால் இழுத்து அச்சடிக்கும் பழைய கருவியின் மேலிருந்த துணியை விலக்கினார். ஒவ்வொரு தாளாக அடித்துத் தருகிறாராம்.

“கடைசிப் பக்கத்துல உங்க பேர் போடறேண்ணே,” என்றாள் அக்கா.

“தும்மல்னே போடு. பேரப் போட்டா யாருன்னு கேப்பாங்க.”

ஆக, இதை நான் எழுதும்போது மீதித் தாள்கள் கொடியில் இருக்கின்றன. நாளை அச்சு, தையல். மறுநாள் அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு தாளை மடித்து இப்போதே சோதிக்கலாமே என்றேன். “ஒத்தைத் தாள் எல்லாம் நல்ல பிள்ளை மாதிரி படுத்துக்கும். புத்தகமாச் சேந்தாத்தான் குணம் தெரியும்,” என்றாள். அதாவது, கதையின் முடிவு நடப்பதற்கு முன்பே நான் கதையை முடித்தாக வேண்டும். கீழே சில முடிவுகள்.

முடிவு அ: புத்தகம் திறந்தே கிடக்கிறது. பெருவிரல் பேசத் தொடங்குகிறார். அக்கா மருந்துக் கம்பெனியில் ராஜினாமாக் கடிதத்தை, மாத்திரைத் தாளைப் போலவே மடித்து, யாராலும் திரும்ப மடிக்க முடியாதபடி…

முடிவு ஆ: டீ வருகிறது. அக்கா குடிக்கிறாள். திரும்பி வந்து வாளியில் தண்ணீர் பிடிக்கிறாள். (இதைத் தட்டும்போது எழுத்துப்பிழை மேல் எழுத்துப்பிழை வந்தது.)

முடிவு இ: பெருவிரல் தாளை நிராகரித்துவிட்டு, கதையைப் படித்து வியந்து, எழுதியவனைத் தேடி…

அக்கா இதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். முடிவு இ நீக்கப்பட்டது. நீக்கிய இடம் இது.

“முடிவே வேணாம்டா,” என்றாள் பிறகு. “கடைசிப் பக்கத்துல எழுத்து கம்மியா இருக்கட்டும். தாள் தெரியணும்.”

என்னைத் திருத்தியவர்கள் யாரிடமும் நான் இதுவரை சரி என்று சொன்னதில்லை. சரிக்கா என்றேன்.

7.

இங்கே வந்திருந்தால், நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதை நான் அக்காவிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

இந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு நீல நூல் இருக்கும். எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நடுப் பக்கத்துக்குத் திரும்புங்கள். புத்தகத்தை மேசைமேல் வையுங்கள். மடிப்பைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்துங்கள்.

இப்போது கையை எடுங்கள்.