அலமாரியின் பூர்வீகம்

மனைவி எப்பொருளைக் கேட்டாலும் ஒரு சொல்லின் பூர்வீகத்தைச் சொல்லவைத்த பிறகே எடுத்துக் கொடுப்பது அகராதி ஆசிரியர் வீட்டு வழக்கம். மணமான புதிதில் அது விளையாட்டாயிருந்தது. குடைக்கும் சீப்புக்கும் அவள் சிரித்துக்கொண்டே விடை சொன்னாள். பின்னர்ச் சாவிக்கொத்து அவர் இடுப்புக்கு ஏறியது. சிரிப்பு நின்றது, வழக்கம் நிற்கவில்லை.

அன்று காலை அவள் தம்பி தொலைபேசியில் அழைத்தான். எல்லைக்கு அப்பாலுள்ள ஊரில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, மகளைக் கேட்கிறாளாம். கடவுச்சீட்டோ இரும்பு அலமாரிக்குள் இருந்தது. பகல் ரயிலைப் பிடித்தால் பார்த்துவிடலாம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, அலமாரி என்ற சொல்லையே கேட்டார்.

பரிசிலுக்காக வாயிலில் நின்று பாடும் பாணனைப் போல அவள் தொடங்கினாள். போர்த்துகீசியர் கப்பலில் வந்த சொல். லத்தீனில் படைக்கலம் வைக்கும் பெட்டி; ஆங்கிலேயரின் பழைய தேவாலயங்களில் திருக்கலங்கள் காக்கும் சுவர்மாடம்; பிரெஞ்சில் உடுப்புப் பேழை; மலாய் வழக்கில் லெமாரி. மடாலயங்களில் அதன் காவலனுக்கு என்ன வேலை என்று அவர் இடைமறித்தார். அவளுக்குத் தெரியவில்லை. நூல்களைக் காப்பது என்று தாமே சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்.

"ரயில் போயிடுங்க. திரும்பி வந்து எத்தனை வார்த்தை வேணும்னாலும் சொல்றேன்."

"அவசரத்துல படிச்சது மனசுல நிக்காது."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் தங்கை தலை நிமிரவில்லை. "அண்ணி போர்ச்சுகல் வரைக்கும் போயிட்டு வந்துட்டாங்க. அம்மா வீட்டுக்குத்தான் வழி தெரியல," என்றாள். அண்ணன் அந்த நயத்தை ரசித்தார்.

மறுபடியும் சொன்னாள். தேவாலயத்தை எட்டியபோது தொலைபேசி ஒலித்தது. தம்பி அதிகம் பேசவில்லை. எதிர்முனை ஓய்ந்த பிறகும் அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

முகம் பார்த்தே அவர் அறிந்துகொண்டார். சொல்வல்லவராதலால் ஆறுதலுக்குரிய சொற்களைக் குறைவறச் சொன்னார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அடக்கத்துக்குச் சாயங்கால ரயில் போதும். இனி என்ன அவசரம்? உக்காந்து நிதானமா சொல்லு."

உட்கார்ந்தாள். போர்த்துகீசியர் கப்பல், லத்தீன், தேவாலயம், மடாலயத்து நூல்காப்பாளன், பிரெஞ்சு, மலாய் என எதுவும் விடுபடவில்லை. குரலும் தடுமாறவில்லை. அவர் சாவியைத் திருகிக்கொண்டே தங்கையின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, மனசு வச்சா வருது."