காலையில் அடிக்காத நெயில் கன்

என் புருஷன் றவூப், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர். ஹந்தானை றோட்டில் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் நாங்கள் இரண்டு பேரும்தான் பல்லேகல தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி செய்கிறோம். அறுப்பதும் அடிப்பதும் அவர். காற்றழுத்தத்தில் ஆணி அடிக்கும் நெயில் கன்னைத் துடைத்து, தினமும் எண்ணெய் விடுவது நான்.

மூன்று கிழமையாக அந்தக் கன் காலையில் சண்டித்தனம் பண்ணியது. பகலானால் நல்ல பிள்ளையாக அடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனுஷன் காற்று ஹோஸைக் கழற்றாமலே கன்னைத் திருப்பி, ஆணி வரும் முனைக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பார். நான் ஓடிப்போய்க் கத்துவேன்.

"இஞ்ச பாருங்க, மொதல்ல ஹோஸக் கழட்டுங்க. பொறகு ஆணிய எடுங்க. அதுக்குப் பொறகு என்னத்தயும் பாருங்க."

"சும்மா ஈ, ஸுமைரா. ஒண்டும் ஆகாது."

கண் போனால் எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவர் கொம்பிரஸரைக் குறை சொன்னார், ஆணியைக் குறை சொன்னார், உள்ளே ரப்பர் வளையத்தை மாற்றினார். ரிப்பேர்காரரோ பகல் ஒரு மணிக்குச் சோதித்துவிட்டு, ஒரு கோளாறும் இல்லையென்று திருப்பித் தந்தார்.

தை மாதக் குளிர். ஒரு காலை, தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கன்னுக்குரிய எண்ணெய் முடிந்து மூன்று கிழமை. கடைக்குப் போக அலுப்புப்பட்டு, எண்ணெய் எண்ணெய்தானே என்று இதையே உள்ளேயும் முனையிலும் விட்டு வந்தவள் நான்தான்.

மறைத்துவிடு என்றான் ஷைத்தான். முடியவில்லை. பட்டறைக்கு ஓடினேன். நானே ஹோஸைக் கழற்றி, அது பொருந்தும் துளையைத் துடைத்துக் காட்டினேன். துணியில் வெள்ளை மெழுகு அப்பியிருந்தது. தலைக்கு வைக்கும் எண்ணெய்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

றவூப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு கெழமயா எனக்கு ஓதினியே! கன்னுக்குத் தலைக்கு எண்ண வெச்சி விட்டிருக்கிறாய்!"

"முனையிலயும் ஒறஞ்சி ஈக்கும். கழுவாம மாட்டாதீங்க!"

சிரிப்பு அடங்கவில்லை. சிரித்தபடியே ஹோஸை மாட்டினார். அவருடைய விரல் விசையில் இருந்தது. முனையிலுள்ள காப்பு இரும்பு, பலகையில் அழுந்தினால்தான் ஆணியை விடும். அது என் எண்ணெயில் ஒட்டி, அழுந்தியபடியே நின்றிருக்கிறது. காலையிலிருந்து அவர் அதோடு மல்லுக்கட்டியதில், கன்னின் உள்ளே மட்டும் சூடேறி இளகியிருக்க வேண்டும். காற்று ஏறியதும் 'டப்' என்றது.

ஆணி அவர் உடுத்திருந்த சாரத்தை மேசைக் காலோடு அறைந்துவிட்டது. தொடைக்கும் ஆணிக்கும் இடையில் ஒரு விரல் இடமில்லை. அசையாமல் நின்றார்.

"ஸுமைரா, ஹோஸக் கழட்டு" என்றார் மெதுவாக.

கழற்றினேன். பிறகு வாயைத் திறந்தவள் மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்வரை மூடவில்லை. புத்தி கெட்டது, சோம்பேறி, ஆளைக் கொல்லப் பார்த்தது என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்தார், பாவம்.