ஊதா வாய்

ஜெகதாம்பாள் அக்கா சிரித்துக்கொண்டே வேலியோரம் வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. செத்த கோழி ஒன்றைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

“ஏஞ்சலு, ஒன் நாயக் கூப்புடு. இத அது கழுத்துல கட்டணும். அழுவி விழுற வரைக்கும் கெடந்தாத்தான் மறுபடி கோழிப் பக்கமே திரும்பாது” என்றார்.

கோழி பிடிக்கிற நாய்க்கு எங்கள் பக்கத்தில் செய்கிற வைத்தியம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏங்க்கா, ஒங்க வெள்ளச்சிக்குக் கழுத்து இல்லையா?” என்று கேட்டேன். அவர் கோழியை வேலி மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு ஒரு மாதம் பேச்சு கிடையாது.

வரதராஜன்பேட்டைக்கு வெளியே, முந்திரிக்காட்டுக்குள் எங்கள் இரண்டு வீடுகள் மட்டும்தான். நடுவில் முள்வேலி. என் வீட்டுக்காரர் லியோ பிரபு குவைத்தில் இருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது, மகன் ராஜராஜன் திருப்பூரில். ஆக, இந்த வீட்டில் நானும் என் நாய் சீசரும், அந்த வீட்டில் அக்காவும் அவர் நாய் வெள்ளச்சியும்.

போன ஐப்பசி மழையில் எவனோ எங்கள் வேலியைத் தாண்டிக் குதித்தான். சீசர் அவன் கைலியில் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது. அந்தத் துணியை நான் இன்னும் எறியவில்லை. சீசர் மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் ஒரு பொழுதுகூடத் தனியாக இருக்க என்னால் முடியாது.

கோழிகள் காணாமல் போனதெல்லாம் நாங்கள் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிற மதிய வேளையில்தான். அக்காவுக்கு நான்கு போனது, எனக்கு மூன்று. அக்கா தூக்கிக்கொண்டு வந்த அந்த ஒன்றைத் தவிர, மற்றதெல்லாம் இறகும் எலும்பும் மட்டும்தான் வேலியோரம் கிடக்கும். வெள்ளச்சிதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இரண்டும் சேர்ந்து செய்திருக்குமோ என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நாங்கள் வாசலில் நின்றால் போதும், இரண்டும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு கொன்றுவிடுவதுபோல் உறுமும்.

நாயைக் கட்டிப்போட்டால் என்ன என்று லியோ போனில் கேட்டார். கட்டினால் நாமே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்றேன். “நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்டி” என்று சிரித்தார். அவரிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. மாசி மாதம் அடைக்கு வைத்த முட்டையில் இரண்டு குறைந்தபோது, கொதிக்கக் கொதிக்க ஒரு முட்டையை அவித்து சீசர் வாயில் திணித்திருந்தேன். முட்டை தின்கிற நாய்க்கு அப்படிச் செய்வார்கள். ஒரு மாதிரியான சந்தேகம்தான். பிறகு அதை மறந்துவிட்டேன், அதாவது மறந்துவிடப் பார்த்தேன்.

எட்டாவது கோழியும் போனபோது வழக்கு நல்லதம்பி அண்ணனிடம் போனது. மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடு நாய் எதற்கு என்ன வந்தாலும் அவர்தான். புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்து, மிச்சமிருந்த கோழிகள் எல்லாவற்றுக்கும் கழுத்திலும் இறக்கையிலும் அப்பினார். அவர் கை இரண்டும் மணிக்கட்டு வரை ஊதாவாகிவிட்டது.

“நாளைக்கு எந்த நாய் வாய் ஊதாவா இருக்கோ, அத ஞாயித்துக்கெழம குட்டியானை வண்டியில ஏத்தி, திருமழபாடிக்கிட்ட கொள்ளிடத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துருவேன். ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?” என்றார்.

“சம்மதம்” என்று நான்தான் முதலில் சொன்னேன். மிச்ச மருந்தை அவர் வீட்டுக்கே எடுத்துப்போக வேண்டும் என்றும் சொன்னேன். அக்கா அதை வாங்கி என் நாய் வாயில் தடவிவிட்டால் என்ன செய்வது? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கும் அதே நினைப்பு இருந்தது தெரிந்தது. வீட்டுக்குத் திரும்புமுன் அக்கா சீசர் வாயைத் திறந்து பார்த்தார். நான் வெள்ளச்சியின் வாயைத் திறந்து பார்த்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் காட்டிலிருந்து திரும்பினேன். வேலியோரம் ஊதா இறகுகள் சிதறிக் கிடந்தன. என்னுடைய செவலைக் கோழியில் ஒரு இறக்கைதான் மிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்காவை வெளியே கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து சீசர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மூக்கு வரைக்கும் ஊதா. நாக்கும் ஊதா.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. அதை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சோப்பு, தேங்காய் எண்ணெய், சீயக்காய் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் மருந்து என் கைக்குத்தான் ஏறியதே தவிர அதன் வாயை விட்டுப் போகவில்லை. “பாவி, ஒன்ன எப்புடி நம்புனேன்” என்று அடிக்கக் கையை ஓங்கினேன். அது என் கையையே நக்கியது. நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

“ஏஞ்சலு... எலுமிச்சம்பழம் இருக்கா?”

ஒரு மாதமாகப் பேசாதவர் எலுமிச்சம்பழம் கேட்கிறார். எதையோ மோப்பம் பிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சீசரைக் கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பழம் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றார். “வேலி மேல வச்சுட்டுப் போ” என்றார்.

“கைல வாங்கிக்கிட்டா என்னக்கா?” என்று நீட்டினேன். பதற்றத்தில் என் கை ஊதாவாக இருப்பதே மறந்துவிட்டது.

அவர் பழத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்தார். பிறகு முந்தானையை விலக்கினார். அவர் கை முழங்கை வரை ஊதாவாக இருந்தது. அவருக்குப் பின்னால் வெள்ளச்சி உட்கார்ந்திருந்தது. வெள்ளை நாய் வேறு, அந்த வாயை நான் சொல்லவே வேண்டாம்.

“தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன், போவலடி” என்றார். “மவன் வாரத்துல ஒரு தடவ போன் போடுறான். மிச்ச நாளெல்லாம் நான் இதுகிட்டதான் பேசுறேன். இதையும் வண்டியில ஏத்திட்டா அந்த வூட்டுல நான் என்னடி பண்ணுவேன்?”

“அதையும் இங்க கொண்டாந்து அடைங்க” என்றேன்.

ஐந்து மணிக்கு நல்லதம்பி அண்ணன் வந்தபோது இரண்டு நாயும் என் கொட்டகைக்குள் இருந்தன. கொல்லப் பார்க்கிற ஜென்ம விரோதிகள் உள்ளே மூச்சுக் காட்டவில்லை.

“என்னம்மா, யாரு நாய்?” என்றார்.

“வெள்ளச்சி இல்லண்ணே. நான் மதியம் பூரா பாத்துட்டுதான் இருந்தேன்” என்றேன்.

“சீசர் வாசல விட்டு நவுரலப்பா. அத எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் அக்கா.

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொம்பின் இந்தப் பக்கம் என் ஊதா விரல்கள், அந்தப் பக்கம் அவருடைய ஊதா விரல்கள். அவர் நிதானமாகக் குடித்தார்.

“அப்ப கீரியாத்தான் இருக்கும்” என்றார். “கோழிக்கு ரெண்டு பேருமாச் சேந்து வலை அடிச்ச ஒரு கொட்டாய் போடுங்க. நாயப் பகல்ல கட்டி வைங்க. இந்த மருந்து போவப் பத்து நாளாவும். அதுவரைக்கும் அதுங்கள வெளிய விடாதீங்க.”

அவர் போன பிறகு நாங்கள் வேலியோரம் நடந்து பார்த்தோம். நொச்சிப் புதருக்குப் பின்னால், நாய் நுழைகிற அளவுக்கு ஒரு குழி வேலிக்கு அடியில் போயிருந்தது. எந்த நாய் தோண்டியது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று குனிந்தேன். மண் எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தப் பக்கத்து நாய்தானே குற்றவாளி? வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவும் அதற்காகத்தான் குனிந்திருந்தார்.

மண் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் குவிந்து கிடந்தது.