மூளை கழற்றிய பிக்கப்

அந்த பிக்கப் வண்டியை வாங்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் லெஸ் பொக்கெட் சொல்லிவிடுவான். கிழக்கே எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரன் அவன். போன வருடம் அவன் வீட்டு வாசலில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, கையில் பியரோடு, "இந்த வண்டி தானா யோசிக்குது லெஸ், இனிமே நமக்கு வேலையே இல்ல" என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அதை அவன் இன்றைக்கும் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பிப்பான். அதுவும் பண்ணைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோவில். எங்கள் பக்கத்து ரேடியோவில் ஒருவன் தும்மினால் ஏழு பண்ணைகளில் இருந்து உடம்பை விசாரிப்பார்கள்.

எங்கள் பக்கம் கோடை ஏறத் தொடங்கும் நவம்பரில், ஒரு புதன்கிழமை காலை அந்த வண்டி யோசித்தது. யோசித்து, இனிமேல் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை என்று முடிவெடுத்தது.

மிதியைத் தரையோடு அழுத்தினேன். முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அவ்வளவுதான். ஏதோ ஒரு சென்சாருக்குள் தூசி போயிருக்க வேண்டும். எங்கள் ஊரில் தூசியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நான் டீயையே மென்றுதான் குடிக்கிறேன்.

என் வேலை பண்ணையின் போர்வெல்களைச் சுற்றி வருவது. மொத்தம் பதினொன்று. பத்தில் சோலார் வந்துவிட்டது. தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி வடகோடியில் இருக்கும் கடைசிக் கிணற்றில் மட்டும் இன்னும் பழைய ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை போய் டீசல் ஊற்ற வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை ஊற்றியது புதன் காலையோடு தீரும். டாங்கியில் மிச்சமிருக்கும் தண்ணீர் வியாழன் மதியம் வரை வரும். அங்கே நானூற்றிருபது பசுக்கள் நிற்கின்றன, பாதிக்கு மேல் கன்றோடு. வெயில் நாற்பத்தைந்து டிகிரி. வெள்ளிக்கிழமை கன்றுகள் விழத் தொடங்கும்.

வழியில் கடைசி கேட்டைத் தாண்டினால் ஒரு மணல்மேடு. நாற்பதடி உயரம். கம்ப்யூட்டர் டீசலை இறுக்கிப் பிடித்திருந்ததால் அதை ஏற வண்டிக்கு இழுவை இல்லை. மூன்று முறை முயன்று, மூன்று முறையும் பின்னாலேயே சறுக்கி வந்து, பேரலைத் தோளில் சுமந்து மேடேறும் வயசும் இல்லாததால் வண்டியைத் திருப்பினேன். வீடு வந்து சேரப் பகல் பன்னிரண்டு.

கோரல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பண்ணை அவளுடையது. அறுபத்திரண்டு வயது, என்னைவிட நாலு வயது மூத்தவள், என்னைவிட நன்றாக மாடு பிடிப்பாள்.

"என்ன யோசிக்குதாம் உன் வண்டி?" என்றாள்.

"வேலைய விட்டுடலாம்னு யோசிக்குது."

"நீ வாங்கச் சொன்னதுதானே நெவ்."

"நான்தான். இப்ப என்னை அடிக்கறதுன்னா சீக்கிரம் அடிச்சிடு. சர்வீஸுக்குப் போன் பண்ணணும்."

சர்வீஸ் ஆள் ரொம்ப மரியாதையானவன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வண்டியக் கொண்டு வாங்க சார், கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்துடலாம்" என்றான்.

"எவ்வளவு தூரம்னு தெரியுமா தம்பி? நானூத்தி முப்பது கிலோமீட்டர். வண்டி ஓடலங்கறதுதான் பிரச்சினையே."

"அப்ப ஓடினதும் கொண்டு வாங்க சார்."

பண்ணையின் மற்ற வண்டிகள் மாடு திரட்டும் கூட்டத்தோடு தெற்கே போயிருந்தன. லெஸ்ஸின் வண்டிகளும் அங்கேதான். இரண்டு பண்ணைக்கும் சேர்த்தே திரட்டுவோம். சனிக்கிழமைக்கு முன்னால் திரும்பாது. லெஸ் மட்டும் மாட்டிடம் உதை வாங்கிக் காலில் கட்டோடு வீட்டில் கிடந்தான். அதாவது, நாள் முழுக்க ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு வேலை இல்லாமல்.

"நெவ்," என்றது ரேடியோ. "தானா யோசிக்கிற வண்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன், என்ன பண்ணலாம்னு."

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் காயலான்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பண்ணையிலும் எதையும் தூக்கியெறிய மாட்டோம். வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். அறுபது வருடத்து வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. கடைசியாக நின்றது, இந்தப் புதுசை வாங்கியபோது நான் ஓட்டிப் போய் விட்ட பழைய பிக்கப். கதவு துருப்பிடித்து விழுந்துவிட்டது என்பதைத் தவிர அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அதே கம்பெனி, கிட்டத்தட்ட அதே இன்ஜின். ஒரே வித்தியாசம், புதுசின் டீசல் பம்புக்கு எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். பழசின் பம்புக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். உள்ளே ஸ்பிரிங்கும் எடைக்கட்டிகளும் இருக்கின்றன. மிதித்தால் கேபிள் இழுக்கும், கேபிள் இழுத்தால் டீசல் போகும்.

"கோரல், பழசோட பம்பைக் கழட்டி இதுல மாட்டப்போறேன்."

"மாட்ட முடியுமா?"

"முடியும்னு நினைக்கிறேன்."

"நீ நினைச்சதுலதான் இந்த வண்டியே வந்துது," என்றாள். ஆனாலும் தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்பேனர் பெட்டியின் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

பம்பைக் கழற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதன் பின்னால் கூடு கட்டியிருந்த குளவிகள் கூடுதலாக ஒருமணி நேரம் எடுத்துக்கொண்டன. இருட்டியதும் கோரல் என்னைத் தூங்கப் போகச் சொன்னாள். கண் தெரியாமல் பம்பின் பல்சக்கரத்தை ஒரு பல் தள்ளி மாட்டினால் இன்ஜினே போய்விடும் என்றாள். சரிதான். வியாழன் விடிந்ததும் ஆரம்பித்தோம். பழைய பம்பை வைத்தோம், பம்பிலும் இன்ஜினிலும் உள்ள குறிகளை நேராக நிறுத்தினோம், பைப்புகளை மாட்டினோம். பழைய மிதியையும் அதன் கேபிளையும் பிடுங்கி வந்து பொருத்தினோம். பிறகு நான் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் எனக்கு ஆத்திரம். ஒயர்களை மூட்டை மூட்டையாக வெட்டி வெளியே போட்டேன்.

அந்த ஆத்திரத்தில்தான் தப்பு செய்தேன். பழைய பம்பிலும் ஒரே ஒரு ஒயர் உண்டு. சாவியைத் திருப்பி அணைக்கும்போது டீசலை அடைக்கும் சின்ன வால்வு அந்த ஒயரில்தான் வேலை செய்யும். 'இனி இந்த இன்ஜினில் ஸ்டார்ட் பண்ணுவதைத் தவிர எதற்கும் மின்சாரம் கூடாது' என்று சபதம் எடுத்து, அந்த வால்வின் முளையையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில், நியூட்ரலில் இன்ஜின் சுற்றும் வேகத்தையும் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு, பைப்பில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றி, சாவியைத் திருப்பினேன். ஒருமுறை இருமியது. இன்னொருமுறை. கோரல் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை வெள்ளையாக ஒரு மேகத்தை விட்டுவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். நான் மூக்கைச் சிந்தினேன், புகைதான் காரணம்.

"அணைச்சிட்டு வா, டீசல் பேரல ஏத்தலாம்," என்றாள்.

சாவியைத் திருப்பினேன். ஓடிக்கொண்டே இருந்தது. சாவியை உருவி எடுத்தேன். ஓடிக்கொண்டே இருந்தது.

"நெவ், அணைக்கச் சொன்னேன்."

"அணைச்சிட்டேன்."

அவள் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "போகாத வண்டிய நிக்காத வண்டியா மாத்திட்ட."

"இப்ப நமக்கு எது வேணும்?"

"ஏறு," என்றாள்.

இரண்டு பேரல் டீசல், ஒரு கேன் குடிதண்ணீர், பீட்ரூட்டும் உப்பு மாட்டிறைச்சியும் வைத்த ரொட்டி. பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன். வண்டி பறந்தது. மஞ்சள் விளக்கு இல்லை, பீப் சத்தம் இல்லை, சீட் பெல்ட் போடச் சொல்லும் அம்மா இல்லை. நான் பாடினேன். நல்லவேளை ரேடியோ அணைந்திருந்தது என்று நினைத்தேன். இல்லை, மைக்கில் பேச அழுத்தும் பட்டனின் மேல் என் தொடை அழுந்திக்கொண்டிருந்தது.

"நெவ், மாடு ஏதும் சாகுதா அங்க?" என்றான் லெஸ்.

வடகோடி வரைக்கும் பதினாலு கேட். ஒவ்வொன்றிலும் நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, இறங்கி, திறந்து, ஏறி, தாண்டி, மறுபடி இறங்கி, சாத்தி, மறுபடி ஏற வேண்டும். தனியாகப் போகிற எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். கேட்டைத் திறந்துவிட்டு, வண்டியை, ஆள் நடக்கும் வேகத்தில் ஊரும் மெதுவோட்டக் கியரில் போட்டு, இறங்கிவிடுவோம். வண்டி தானாக நடந்து கேட்டைத் தாண்டும். சாத்திவிட்டு, பின்னால் நடந்து போய் ஏறிக்கொள்வோம். புது வண்டியில் இது நடக்காது. கதவு திறந்தால் அலறி, அணைந்துவிடும். ஒரு வருடமாக எனக்கு அந்தக் குறை இருந்தது.

பதிமூன்று கேட் வரை ஒழுங்காக இருந்தேன். பதினாலாவதில், மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்ட அவசரத்தில், பழைய வழியில் இறங்கினேன்.

வண்டி அழகாக நடந்து தாண்டியது. கேட் மணலில் இழுபட்டு வர மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி மூடி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டித் திரும்பினால், வண்டி நூறு மீட்டர் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. நியூட்ரல் வேகத்தைத் தூக்கி வைத்தவன் நான்தானே. அது நடக்கவில்லை, சின்ன ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. கேட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடியிருந்தால் பிடித்திருப்பேன். ஆனால் நாற்பது வருடமாகக் கேட்டைத் திறந்தபடி விட்டவன் இல்லை நான். அந்த நேரத்திலும் சங்கிலி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

ஓடினேன். ஐம்பத்தெட்டு வயது, இடது முட்டி சரியில்லை, காலடியில் மணல். பேரலும் தண்ணீரும் ரொட்டியும் ரேடியோவும் எனக்கு முன்னால், ஆளில்லாமல், வடக்கே போய்க்கொண்டிருந்தன. பாதையில் சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருந்ததால் வண்டி அவற்றை விட்டு விலகாமல் போனது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். அது ஒன்றுதான் பயமும். தடம் மணல்மேட்டின் உச்சி வரை போகிறது, உச்சியில் காற்று அதை மூடியிருக்கும். அங்கே வண்டி பக்கவாட்டில் திரும்பினால் பேரல்களோடு உருளும். அணைக்கவும் முடியாது. நானூற்றிருபது மாட்டின் தண்ணீர் அந்த இரண்டு பேரலில் இருந்தது.

திறந்த ஜன்னல் வழியாக லெஸ்ஸின் குரல் கேட்டது. "நெவ், எங்க இருக்க?"

வண்டிக்குப் பின்னால் இருக்கிறேன் என்று கத்தினேன். அவனுக்குக் கேட்கவில்லை.

"நெவ்? சரியா இருக்கியா?" இப்போது அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

வண்டி மணல்மேட்டில் ஏற ஆரம்பித்தது. நேற்று நான் மூன்று முறை தோற்ற அதே மேட்டில், மெதுவோட்டக் கியரின் முழு இழுவையோடு, யாரும் கேட்காமல், அலட்டிக்கொள்ளாமல் ஏறியது. மணல் இழுத்ததில் வேகம் பாதியாகக் குறைந்தது. கடைசி மூச்சைக் கூட்டி ஓடிப் பின்பலகையைப் பிடித்தேன். ஏற முடியவில்லை. விடவும் முடியவில்லை. மீதி மேட்டை வண்டி ஏறியது. என்னை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு ஏறியது. உச்சிக்குப் பத்தடி முன்னால் எப்படியோ ஒரு காலைத் தூக்கிப் போட்டு, பேரல்களின் மேல் தவழ்ந்து, ஜன்னல் வழியாகத் தலைகீழாக உள்ளே விழுந்தேன். கையால்தான் பிரேக்கை அழுத்தினேன். கியரில் இருந்த வண்டி இரண்டு உதறு உதறி அணைந்தது. உச்சியில், நேராக, பேரல்கள் நின்றபடி.

மைக்கை எடுக்க நேரம் ஆனது. "இங்க இருக்கேன் லெஸ். மணல்மேட்டு உச்சியில."

"ஏன்யா இப்படி மூச்சு வாங்குது? வண்டிதானே ஏறுச்சு?"

"ஆமா," என்றேன். "வண்டிதான் ஏறுச்சு."

உச்சியிலிருந்து பார்த்தால் கிணறு தெரியும். மாடுகள் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றன. ஒன்றும் கத்தவில்லை. கத்தாமல் நிற்கும் மாடுகளைப் பார்ப்பதுதான் கஷ்டம். சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்தது. இறங்கினேன்.

தொட்டியின் அடியில் ஈரச் சேறு மட்டும் இருந்தது, அதையும் நக்கிக்கொண்டிருந்தன. வண்டியை ஓடவிட்டபடி இறங்கி, ஆயில் இன்ஜினுக்கு டீசல் ஊற்றி, கைப்பிடியைச் சுற்றினேன். முதல் சுற்றுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு முட்டி வலித்தது. மூன்றாவதில் அந்தக் கிழட்டு இன்ஜின் தொண்டையைச் செருமி ஓட ஆரம்பித்தது. தண்ணீர் மேலே வர ஐந்து நிமிடம் ஆகும். வேலியோரம் ஒரு கன்று படுத்துக் கிடந்தது, தாய் அதன் மேல் நிழலாக நின்றது. என் கேனிலிருந்த தண்ணீரைத் தொப்பியில் ஊற்றி அதன் வாயருகே வைத்தேன். விரலால் அதன் நாக்கை நனைத்துக் காட்டிய பிறகுதான் குடித்தது. கேன் முழுவதும் குடித்தது.

பைப்பில் முதலில் காற்று, பிறகு துரு, பிறகு தண்ணீர்.

தொட்டி பக்கம் எந்தப் பசுவும் எந்தக் கன்றையும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு மணி நேரம் குச்சியோடு நின்றேன். பிறகு ஒரு சுற்று நடந்து எண்ணினேன். இன்னொரு சுற்று நடந்து எண்ணினேன்.

"கோரல்," என்றேன் ரேடியோவில்.

"சொல்லு."

"ஒண்ணும் சாகல."

ஏழு பண்ணையும் கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

"கன்னுங்க?" என்றாள்.

"அதுலயும் ஒண்ணுகூட சாகல. எல்லாம் நிக்குது."

"சரி," என்றாள் கோரல். "சரி நெவ். சாப்பிட்டியா?"

"இனிமேதான். பேரல் நகந்து ரொட்டி மேல ஏறியிருக்கு."

"பரவால்ல, சாப்பிடு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா. அவசரம் ஒண்ணுமில்ல."

டாங்கியின் நிழலில் உட்கார்ந்து, தட்டையாகிப்போன ரொட்டியைச் சாப்பிட்டேன். முன்பு வேலியோரம் கிடந்த கன்று, தொட்டியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு, நேராக என்னிடம் வந்து, பக்கத்தில் வைத்திருந்த தொப்பியின் விளிம்பை மெல்ல ஆரம்பித்தது. ஒரு கை நீட்டிப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. வேறு தொப்பி வாங்கிக்கொள்ளலாம்.