பெட்டியின் நாக்கு

எலோய் செய்த வெயில் பெட்டியைப் பற்றிப் பேசாத வாய் ஊரில் இல்லை. எங்கள் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் சூரியன் வருஷம் முழுக்கப் பல்லைக் காட்டும், குளிர் மட்டும் குறையவே குறையாது. ஜனவரியில் ஹீட்டருக்கான காஸ் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போனால் சம்பளத்தில் பாதி அதன் பின்னாலேயே போய்விடும். உருளைக்கிழங்குக் கிடங்கில் மோட்டார் பழுது பார்க்கிற எலோய்க்கு அந்த லாரியைக் கண்டாலே ஆகாது. பழைய கண்ணாடிக் கதவு, கறுப்புப் பெயின்ட் அடித்த கூரைத் தகரம், நாலு பலகை இவற்றை வைத்து ஒரு பெட்டி கட்டி, தன் அக்கா டெல்ஃபினாவின் சமையலறைத் தெற்குச் சுவரில் வெளிப்பக்கமாகப் பொருத்தினான்.

சுவரில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. வீட்டுக்குள் இருக்கும் குளிர்காற்று கீழ் ஓட்டை வழியே பெட்டிக்குள் போகும். வெயிலில் காய்ந்த தகரத்தில் பட்டுச் சூடேறி, மேல் ஓட்டை வழியே அறைக்குத் திரும்பும். ராத்திரியில் பெட்டி குளிர்ந்துவிட்டால் இதே காற்று தலைகீழாக ஓடி, வீட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு குளிரைக் கக்கும். அதைத் தடுக்கக் கீழ் ஓட்டையில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தொங்கும். பகலில் மடிந்து வழி விடும், ராத்திரி கம்பிவலையோடு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் நாக்கு.

"ராத்திரி ஹீட்டரைக் குறைச்சு வெச்சுடுக்கா. மண் சுவரு, சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனான் எலோய்.

அந்த வாரமே ஒரு விடியற்காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. சமையலறைக் குழாய் உறைந்து வெடித்திருந்தது. எலோய் போனபோது டெல்ஃபினா தரையில் உட்கார்ந்து சுத்தியலால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமனார் அன்செல்மோ கோட்டும் தொப்பியுமாக நாற்காலியில் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் இவர் வேலைடா. ராத்திரி கொல்லைக் கதவைத் திறந்து போட்டிருக்காரு. ஆட்டைப் பட்டியில அடைக்கணும்னு போன மாசமும் இப்படித்தான் திறந்தாரு. ஆட்டை வித்து எத்தனையோ வருஷம் ஆச்சு!"

"கதவு திறந்தா கிடந்துச்சு?"

"சாத்தித்தான் இருந்துச்சு. பின்னே குளிரு எப்படி வந்துச்சாம், சாவி ஓட்டை வழியாவா?"

எலோய் கிழவரிடம் திரும்பினான். "திறந்தீங்களா மாமா?"

"ஞாபகமில்லடா. திறந்திருப்பேன் போலிருக்கு. அவ சொல்றாளே."

குழாயைப் பார்க்கக் குனிந்தவனுடைய கன்னத்தில் சில்லென்று காற்று அடித்தது. வெடித்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் பெட்டியின் கீழ் ஓட்டை. வலையைக் கழற்றினான். நாக்கு மேலே மடிந்து, ஒரு துண்டு டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுப் பெயின்ட் வாடை போகட்டும் என்று, பெட்டியை மாட்டிய அன்று அவனே ஒட்டியது. பிய்க்க மறந்துபோயிருந்தான்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். டேப்பைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். வலையைத் திரும்ப மாட்டியதும் நாக்கு அதோடு ஒட்டி ஓட்டையை மூடியது, காற்று நின்றது.

சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் டெல்ஃபினா முந்திக்கொண்டாள். "நீ பாடுபட்டுச் செஞ்சு கொடுத்ததைக் கெடுக்கப் பாத்தாரு பாரு. கோயில் கூடத்துக்கும் ஒண்ணு வேணும்னு ஃபாதர் உன்கிட்டக் கேக்கப் போறாராம்டா."

"பரவால்லக்கா," என்றான் எலோய். எது பரவாயில்லையோ, அவனுக்குத்தான் வெளிச்சம். கிழவருக்கு நாளைக்கே மறந்துவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு குழாயை மாற்றினான்.

டெல்ஃபினா கொல்லைக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். அன்று முதல் சமையலறை கதகதவென்று இருந்தது. "பூட்டினதும் குளிர் எங்க போச்சு பாத்தியா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். லாரி ஓட்டும் அவள் புருஷன் எங்கிருந்தோ போனில் சொன்னான்: "இன்னைக்குக் குழாயோட போச்சு. நாளைக்கு அப்பா பனியில போய் விழுந்தா என்ன பண்றது?" அவன் கேட்டதில் தப்பில்லை. பக்கத்து டவுன் அலமோசாவில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பார்த்தார்கள்.

அது எலோய் காதிலும் விழுந்தது. கோயில் கூடத்தில் பெட்டியை மாட்டியபோது ஊரே முதுகில் தட்டியது. ஒவ்வொரு தட்டும் அறை மாதிரி விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லியே தீருவது என்று அக்கா வீட்டுக்குப் போனான். சிவப்பு மிளகாய் போட்ட பன்றிக் குழம்பு ஊற்றினாள். கிழவர் தன் தட்டிலிருந்த பெரிய துண்டை அவன் தட்டில் தள்ளினார். தின்றுவிட்டு வந்தான், வெட்கம் கெட்டவன்.

கிழவரை அழைத்துப்போகிற நாளன்று கார் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. எலோய் மூச்சிரைக்க ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அக்கா, மாமா கதவைத் திறக்கல. நான்தான். நாக்கைத் தூக்கி டேப் ஒட்டி வெச்சேன், எடுக்க மறந்துட்டேன். குளிரு பெட்டி வழியா வந்துச்சு."

டெல்ஃபினா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது. "எனக்கு மட்டும் இவரை அனுப்ப ஆசையாடா? அதுக்காகப் பழியை நீ ஏத்துக்குவியா?"

"சத்தியமாக்கா! அன்னைக்கே நான் பிய்ச்சுட்டேன்..."

"பூட்டுப் போட்ட அன்னைக்கு நின்னுச்சுடா குளிரு. நான் இந்த வீட்டுலதானே இருக்கேன்?"

"இன்னைக்கு ராத்திரி திரும்ப ஒட்டிக் காட்டறேன். ஒரே ஒரு ராத்திரி இருக்கட்டும்."

"இன்னைக்குப் போகலைன்னா அந்தக் கட்டில் வேற ஆளுக்குப் போயிடும்."

காரின் முன்சீட்டிலிருந்து அன்செல்மோ கையை நீட்டி எலோயின் சட்டையைப் பிடித்தார். "எனக்காகப் பொய் சொல்லாதடா. இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சு. கதவைத் திறந்தது நான்தான். ரமோனா வெளியில நின்னுக்கிட்டிருந்தா, செருப்புகூட இல்லாம. உள்ள வாடின்னு கூப்பிட்டேன். அவ வரல. அதான் கதவை மூட மனசு வரல."

டெல்ஃபினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரமோனா அவளுடைய மாமியார். அடக்கம் பண்ணியபோது எலோயும் ஒரு பிடி மண் போட்டவன்.

குழாய் வெடித்த அன்று காலையிலேயே சொல்லியிருந்தால் இந்த நினைப்பு கிழவர் மண்டைக்குள் ஏறியே இருக்காது. இனி அதை யார் பிய்த்து எடுப்பது? "இல்ல மாமா, நீங்க திறக்கல," என்று மறுபடியும் ஆரம்பித்தான். அவர் சின்னப் பிள்ளையைத் தேற்றுவதுபோல அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உன் பெட்டி மேல ஒரு குத்தமும் இல்ல, எலோய். யாராவது ஏதாவது சொன்னா, தப்பு கிழவனோடதுன்னு சொல்லிடு."

டெல்ஃபினா வண்டியைக் கிளப்பினாள். கிழவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவனைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.