இராஜேஸ்வரி சிஸ்டரின் உபவாசம்

கண்டி கட்டுக்கலையிலிருந்து இராஜேஸ்வரி சிஸ்டர் தினமும் காலையில் வட்சப்பில் அனுப்பும் தியானத்தைக் கேட்காமல் தேத்தண்ணீரில் வாய் வைக்காதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்திலும் கேட்டார்கள், டோஹாவில் வீட்டுவேலைக்குப் போனவர்களும் கேட்டார்கள். மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அப்படியொரு குரல். விசுவாசம், இரக்கம், நம்பிக்கை என்று மாற்றி மாற்றிப் பேசுவாள். கேட்கிறவர்களுக்கு அழுகை வரும். பேசுகிற அவளுக்கும் வரும். அந்த அழுகையில் பொய் கிடையாது.

போன வருடம் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்தது. சதையை எடுத்துச் சோதித்த டொக்டர் புற்றுநோய் என்றார். அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட காரியம் கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். விசா வராதவன் விசா வந்துவிட்டது என்பான். பிள்ளை இல்லாதவள் தொட்டில் வாங்கி வைப்பாள். விசுவாச சாட்சி என்று அதற்குப் பெயர். சொன்ன பிறகு சந்தேகப்பட்டால் கிடைக்க இருந்ததும் கிடைக்காமல் போய்விடுமாம். இராஜேஸ்வரியும் மறுநாள் தியானத்தில் சொன்னாள்: கட்டி இருந்தது, கர்த்தர் தொட்டார், கரைந்துவிட்டது, இனி எனக்கு எந்த டொக்டரும் வேண்டாம். நம்பித்தான் சொன்னாள். அதுவரைக்கும் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் குளிக்கும்போது கை தானாக அங்கே போனது. கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு வாரத்துக்குள் விசுவாசமெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. இருபத்தொரு நாள் உபவாச ஜெபத்துக்குப் போகிறேன், யாரும் கூப்பிட வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினாள். வெள்ளவத்தையில் தங்கை வீடு. அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மார்பை எடுத்தார்கள். முன்கூட்டியே பேசிப் பதிந்து வைத்திருந்த தியானங்களைத் தங்கை நாளுக்கொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் மயக்க மருந்தில் கிடந்த காலையிலும் சிஸ்டரின் குரல் ஊரெல்லாம் நம்பிக்கை ஊட்டிக்கொண்டுதான் இருந்தது.

"நேரத்தோடு வந்தீர்கள், பிழைத்தீர்கள்" என்றார் டொக்டர். மாத்திரை மட்டும் தொடர்ந்து போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அவளுக்குக் குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். சில மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும்.

திரும்பி வந்தவுடன் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தாள். வந்தவள் பாதியாக இளைத்திருந்தாள். உபவாசத்தில் எப்படி உருகிப் போயிருக்கிறார் பாருங்கள் என்று நன்றிக் கூட்டமே வைத்துவிட்டார்கள். அந்த மேடையில் நின்று எதைச் சொல்வது? தையல் இழுத்ததால் இடது கையைத் தூக்க முடியவில்லை, வலது கையை மட்டும் உயர்த்தித் துதித்தாள். அடுத்த ஞாயிறு பார்த்தால் முன்வரிசைப் பெண்கள் எல்லோரும் ஒற்றைக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளும் அவர்களோடு பாடினாள்.

அப்புறம்தான் ஒருநாள் மத்தியானம், நல்ல மழையில், சஞ்சீவனி வந்தாள். பன்வில தோட்டத்து முன்பள்ளி டீச்சர். சபையிலும் தியானக் குழுவிலும் இருப்பவள். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே வந்திருந்தாள். கையில் ஒரு பை போஞ்சிக்காய்.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். தொந்தரவு பண்ண வந்துட்டேன்."

"வா சஞ்சீவனி, உக்காரு. இப்படி நனைஞ்சிட்டியே."

கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். "எனக்கும் அதே எடத்துல கட்டி, சிஸ்டர். பெரியாஸ்பத்திரியில பாத்துட்டுக் கேன்சர்னு சொல்லிட்டாங்க. வர்ற செவ்வாக்கெழம ஒப்பரேஷன். நான்தான் ஒங்க சாட்சியக் கேட்டுட்டு, எனக்கும் சொகமாயிருச்சின்னு சபையில சாட்சி சொல்லிட்டேன். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா கர்த்தர நம்பலேன்னு ஆயிரும். போகாட்டி... ரெண்டு புள்ளைங்க சிஸ்டர்."

"ஒன் புருஷன் கணேஸ் என்ன சொல்றாரு?"

"அவரு போகத்தான் சொல்றாரு. நான் அழுதேன். அப்ப சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வா, அவங்க சொல்றபடி செய்வோம்னு அனுப்பினாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க எந்த டொக்டர்கிட்டயும் போகலதானே?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. பாஸ்டர் இல்லை, முன்வரிசைப் பெண்கள் இல்லை. 'நான் போனேன், நீயும் போ' என்று சொன்னால் போதும், ஒரு உயிர் பிழைத்துவிடும். அது இராஜேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். இவள் பன்வில போய்ச் சேருவதற்குள் செய்தி டோஹா போய்ச் சேர்ந்துவிடும். நாளைக் காலையில் அந்தக் குரலை யார் கேட்பார்கள்? சேலைக்குள்ளே தழும்பு சுரீரென்றது.

"நான் போகல" என்றாள். "சொன்ன சாட்சிய விட்றாத. ஒனக்குச் சொகம் வந்தாச்சி."

தலையில் கை வைத்து ஜெபித்தாள். அருமையாகத்தான் ஜெபித்தாள், பாவி. சஞ்சீவனியின் முகம் மலர்ந்துவிட்டது. "பயமெல்லாம் போயிருச்சி சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே குடையை விரித்தாள். போஞ்சி நல்ல பிஞ்சு. இராஜேஸ்வரி அதைக் கறி வைத்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை போனில் சஞ்சீவனியின் நம்பரை எடுத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் தியானத்துக்கு யோசிக்க உட்கார்ந்தாள். இரக்கத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தாள், அதையே பேசினாள். செவ்வாய்க்கிழமை அப்படிக் கழிந்தது.

பெரிய மழை ஓய்ந்து மாதங்கள் போயின. சஞ்சீவனி செத்துப்போனாள். தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சாவீட்டுக்குப் போகாமல், இராஜேஸ்வரி ஆறுதல் ஜெபத்தைப் பேசி அனுப்பினாள். அதையும் பலர் பலருக்கு அனுப்பினார்கள்.

கொழும்பு டொக்டரிடம் காட்டும் முறை வந்தது. குழுவில் மறுபடியும் உபவாசம் என்று அறிவித்துவிட்டுப் பையோடு புறப்படும்போது வாசலில் கணேஸ் நின்றான். லொறி ஓட்டுகிறவன், திடகாத்திரமான ஆள். பக்கத்தில் மூத்த மகள். இராஜேஸ்வரி, எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றான் அவன்.

அவளுக்கு விளங்கவில்லை.

"கடைசியில வலி தாங்காமக் கத்தினா. மயங்கிட்டா. எனக்கு மனசு கேக்கல, தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். முழிச்சிப் பாத்துட்டு, என் சாட்சியக் கெடுத்துட்டீங்களேன்னு அழுதா. ரெண்டு நாள்ல போயிட்டா. கொஞ்சம் பொறுத்திருந்தா சொகம் வந்திருக்கும்னு பாஸ்டர் சொல்றாரு. நான்தான் சிஸ்டர் அவளக் கொன்னுட்டேன். ஒங்க ஜெபத்துக்கும் கெட்ட பேர வாங்கிக் குடுத்துட்டேன்."

லொறிக்காரன் பிள்ளைக்கு முன்னால் தேம்பித் தேம்பி அழுதான். இரண்டாவது தடவையாகக் கடவுள் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். செத்தவளை எழுப்ப முடியாது, இருக்கிறவனையாவது எழுப்பலாம். இராஜேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"நான் மன்னிச்சிட்டேன் கணேஸ்" என்றாள். "கர்த்தரும் மன்னிப்பாரு."

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். ஜெபித்துவிடச் சொன்னான். அவள் ஜெபிக்கத் தொடங்கியதும் மகள் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மட்டும் உயர்த்தினாள். அம்மாவிடம் கற்றது.

ஜெபம் முடிந்ததும் கணேஸ் அவளுடைய பையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மாத்திரையும் டொக்டரின் ரிப்போர்ட்டும் இருந்த பையைப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் சுமந்து வந்து, ஜன்னல் ஓரம் சீட் பிடித்துக் கொடுத்து, அவள் காலடியில் பத்திரமாக வைத்தான்.

"எங்களுக்காக நீங்க பட்டினி கெடக்கப் போறீங்க சிஸ்டர்" என்றான் ஜன்னலுக்குக் கீழே நின்று. மகளும் கையசைத்தாள்.

பஸ் பேராதனையைத் தாண்டியதும் இராஜேஸ்வரி பையைத் திறந்தாள். வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது. உள்ளே வைத்திருந்த பணிஸ் ரொட்டியைப் பிய்த்து, கடைசித் துண்டுவரை நன்றாக மென்று தின்றாள்.