லேசருக்கடியில் இருந்த குழாய்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் அக்கா தங்கை கதை சொல்கிறேன்.

தங்கைக்கு ரத்த அணுக்கள் சீக்கிரமே உடைந்துபோகும் நோய். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அக்கா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், மெல்லிய லேசர் வெளிச்சம் பட்டால் அணுக்கள் தாக்குப்பிடிக்குமா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையின் ரத்தத்தை இரண்டு குழாய்களில் எடுத்துவந்தாள் அக்கா. ஒன்றுக்கு லேசர், மற்றதற்கு வெளிச்சம் படாமல் கறுப்புத் தாள் என்று ஏற்பாடு. பிறகு இயந்திரத்தில் சுழற்றினாள். அணுக்கள் உடைந்திருந்தால் மேலே நிற்கும் நீர் சிவக்கும். தாள் சுற்றியது சிவந்திருந்தது. வெளிச்சம் பட்டது தெளிவாக நின்றது.

உடனே போன் போட்டாள். "அடியே, தெளிஞ்சிருக்குடி!"

"அப்போ என்னையும் அந்த விளக்குக்கடியில படுக்க வை. கறுத்துட மாட்டேனே?" என்று சிரித்தாள் தங்கை.

மேசையைத் துடைக்கும்போதுதான், தங்கையின் இன்னொரு குழாய் தொடாமலே இருப்பதை அக்கா கண்டாள். காலையில் லேசரைச் சரிபார்க்கத் தன் ரத்தத்தை வைத்தவள், அதை எடுக்க மறந்து, தங்கையுடையது என்று நினைத்துச் சுழற்றிவிட்டாள். தெளிந்து நின்றது அவளுடைய ரத்தம்.

தங்கையின் குழாயை லேசருக்கடியில் வைத்து, சுழற்றிப் பார்த்தாள். அதுவும் சிவந்தது.

மறுபடி போன் போட்டு விஷயத்தைச் சொன்னதும் தங்கை சொன்னாள்: "போகட்டும்க்கா. உன்னோடதாவது நல்லா இருக்கே."

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் விளக்கைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வீட்டில் எவர் ரத்தமும் சோதனைக்குப் போகாமல், எல்லோரும் நல்லபடியாக இருங்கள், என் கண்ணுகளா.